எண்ணி முடிக்குமுன் மடிந்துவிடும் உயிர்

ஐரோப்பிய நகரங்களின் உணவகச் சமையலறைகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கணவாயைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. உறைந்த கட்டியாக வந்து சேரும் அதனை நீரிலே இளகவைத்து, தலையைப் பிடித்து இழுத்து, உள்ளிருக்கும் கண்ணாடித் தகடு போன்ற மெல்லிய ஓட்டை உருவி, தோலை உரித்து, வளையம் வளையமாக அரிந்து பழகிய கைகள் அவர்களுடையவை. மேசைக்குப் போகும்போது அதன் பெயர் 'கலமாரி' என்றாகிவிடுகிறது. அது வந்த பெட்டியின் மூலையில், பொடி எழுத்துகளுக்கிடையே, 41 என்ற எண் சில வேளைகளில் அச்சிடப்பட்டிருக்கும். உலகக் கடல்களை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பகுதிகளாகப் பிரித்து இலக்கமிட்டிருக்கிறது. அவற்றுள் 41 என்பது தென்மேற்கு அத்திலாந்திக். பிரேசில், உருகுவே, ஆர்ஜென்ரீனா ஆகிய நாடுகளின் கரைக்கு அப்பால் விரிந்து கிடக்கும் கடல். அங்கிருந்து வரும் ஒரு கணவாய் இனத்தைப் பற்றியும், அதனை எண்ணுவதற்கு மனிதர் படும் பாட்டைப் பற்றியும் இங்கு கூற விரும்புகிறோம்.

நமது மொழியிலே கணவாய் என்பது ஒரு குடும்பப் பெயர். ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய், பேய்க் கணவாய் என்று நமது கரையோர மக்கள் அதனை வகுத்து வைத்திருக்கின்றனர். ஓட்டுக் கணவாயின் ஓடுதான் நாட்டு வைத்தியர் கடல்நுரை என்று வழங்கும் மருந்துச் சரக்கு. (பள்ளிக்கூடத்தில் கைபர்க் கணவாயைப் பற்றிப் படித்தபோது, அதற்கும் வீட்டுக் குழம்புச் சட்டிக்கும் என்ன உறவு என்று எண்ணிச் சிரிக்காத பிள்ளைகள் நம்மில் குறைவு.) நாம் பேச எடுத்துக்கொண்ட இனம் ஊசிக் கணவாய்க்குத் தூரத்து உறவு. விஞ்ஞானிகள் அதனை இலெக்ஸ் ஆர்ஜென்ரினஸ் என்று அழைக்கின்றனர். எழுத்துச் சுருக்கம் கருதி நாமும் இலெக்ஸ் என்றே குறிப்பிடுவோம்.

நத்தையும் சிப்பியும் சேர்ந்த மொலஸ்கா தொகுதியிலேதான் இதுவும் அடங்குகிறது. ஆயினும் நத்தையின் மந்தத்தனம் இதனிடம் இல்லை. எட்டுக் கைகள், இரண்டு நீண்ட பரிசக்கொம்புகள், கிளியின் அலகை ஒத்த வாய், மூன்று இதயங்கள், செம்புச் சேர்க்கையால் நீலமாகும் குருதி ஆகியவை இதன் உடைமைகள். உடற்குழலுக்குள் நீரை நிரப்பிக் குழாய்வழியே பீறிட்டுத் தள்ளி, எதிர்த்திசையில் பாய்ந்து செல்லும். குளிர்ந்த நீரோட்டத்தில் மிதக்கும் இறால் போன்ற சிற்றுயிர்களையும் சிறு மீன்களையும் பிடித்துத் தின்னும். பசி மிகுந்தால் தன் இனத்தையும் விட்டுவைப்பதில்லை. அதனைத் தின்பதற்கோ திமிங்கிலம் முதல் கடற்பறவைவரை நீண்ட வரிசை காத்திருக்கிறது.

இவை யாவும் வியப்புக்குரியவைதாம். எனினும் இலெக்ஸின் வரலாற்றில் முதன்மையான செய்தி அதன் ஆயுள். அது ஏறத்தாழ ஓராண்டு மட்டுமே வாழ்கிறது. இதனை அறிந்த விதமும் சுவையானது. கணவாயின் தலைக்குள்ளே, உடலின் சமநிலையை உணர்வதற்கென, கடுகளவான இரண்டு கற்கள் உள்ளன. மரத்தின் குறுக்குவெட்டிலே ஆண்டு வளையங்கள் தெரிவதுபோல, இக்கற்களைத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நாளுக்கு ஒன்றாக வளையங்கள் தெரிகின்றன. பொறுமையுடன் எண்ணினால் அந்தக் கணவாய் எத்தனை நாள் வாழ்ந்தது, எந்த மாதத்தில் பிறந்தது என்று கூறிவிடலாம். போக்லாந்துத் தீவுகளில் நெடுங்காலம் பணியாற்றிய அலெக்சாந்தர் ஆர்க்கிப்கின் போன்ற ஆய்வாளர்கள் இவ்வாறு எண்ணிப் பார்த்தவர்களே. முந்நூற்றைம்பது வளையங்களைத் தாண்டியவை அருமையாகவே கிடைத்தன.

அந்த ஓராண்டுக்குள் இலெக்ஸ் ஒரு பெரும் பயணத்தை முடிக்கிறது. இதனுள்ளும் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் பெரியதொன்றின் கதை இது. தென்கோளத்தின் குளிர்காலத்தில், பிரேசில் கரையோரம் வரும் சூடான நீரோட்டமும் தெற்கிலிருந்து ஏறும் குளிர் நீரோட்டமும் சந்திக்கும் கடற்பரப்பில், ஊன்பசை போன்ற திரளுக்குள் இடப்பட்ட முட்டைகள் பொரிக்கின்றன. ஒரு மில்லிமீற்றர் அளவான குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து வளர்கின்றன. கோடையில் தெற்கு நோக்கிப் பத்தகோனியாவின் ஆழங்குறைந்த கடலுக்குள் புகுகின்றன. பெப்ரவரி முதல் மே வரை அங்கு மேய்ந்து கொழுத்து, முப்பது சென்ரிமீற்றர் அளவுக்கு நீள்கின்றன. பின்பு வடக்கே திரும்பி, கண்டச் சரிவின் ஓரமாக வந்தவழியே சென்று, இலட்சக்கணக்கில் முட்டையிட்டு மடிகின்றன. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் காண்பதில்லை. வழிகாட்டுவதற்கு முதியவர் எவருமில்லாத இப்பயணம் ஆண்டுதோறும் எவ்வாறு தவறாமல் நடக்கிறது என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

நீண்ட ஆயுளுடைய மீனினங்களின் கணக்கு வேறு. வட அத்திலாந்திக்கின் கொட் மீன் இருபது ஆண்டுகள்வரை வாழக்கூடியது. அதன் கூட்டத்தில் இரண்டு வயதும் உண்டு, பத்து வயதும் உண்டு. ஓராண்டு முட்டைகள் பாழ்பட்டாலும் முந்தைய ஆண்டுகளின் மீன்கள் இருக்கின்றன. வங்கியிலே நிலையான வைப்பு வைத்திருக்கும் குடும்பம் ஒரு மாதச் சம்பளம் தவறினாலும் சமாளிப்பதுபோல. கணவாயோ அன்றாடங்காய்ச்சி. இவ்வாண்டின் கூட்டம் முழுவதும் இவ்வாண்டோடு தீர்ந்தது. அடுத்த ஆண்டுக் கூட்டம் என்பது இவ்வாண்டில் தப்பிப் போய் முட்டையிட்டவற்றின் பிள்ளைகள் மட்டுமே. மீன்பிடிப்போ அவை முட்டையிடுமுன், மேய்ச்சல் நிலத்திலே நடக்கிறது. அதாவது அங்கு வலையில் ஏறுவது விளைநெல்லும் விதைநெல்லும் கலந்த குவியல்.

இதனால் நேரும் ஏற்ற இறக்கம் சாதாரணமானதன்று. இலெக்ஸின் வடபுலத்துச் சகோதர இனம் ஒன்று கனடாவை அடுத்த கடலில் 1979இல் 160,000 தொன்னுக்கு மேல் பிடிபட்டது. நான்கு ஆண்டுகளின் பின் அங்கு ஆயிரம் தொன் கூடக் கிடைக்கவில்லை. தெற்கிலும் அதே கதைதான். போக்லாந்துக் கடலில் 1999இல் இரண்டரை இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட இலெக்ஸ் பிடிக்கப்பட்டது. 2004இல் இரண்டாயிரம் தொன்னும் தேறவில்லை. 2009இல் நூறு தொன்னையே எட்டவில்லை. 2015இல் மூன்றரை இலட்சம் தொன் என்ற உச்சம். மறு ஆண்டு 2016இல் மூவாயிரம் தொன்னுக்கும் குறைவு. சிறிய நாடொன்றின் வரவு செலவுத் திட்டத்தை இத்தகைய உயிரினத்தின் மீது கட்டியெழுப்புவோரின் துணிவைப் பாராட்டுவதா, பரிதாபப்படுவதா என்று நமக்கு விளங்கவில்லை.

ஏன் இப்படி நேர்கிறது? ஒரு பகுதி விடையை 1990களின் பிற்பகுதியில் பிரித்தானிய அந்தாட்டிக் ஆய்வு நிறுவனத்தினர் கண்டனர். குஞ்சு பொரிக்கும் கடல் என்று கருதப்படும் பரப்பின் வெப்பநிலையைச் செய்மதித் தரவுகளிலிருந்து எடுத்து, மறு பருவத்தின் பிடியோடு அவர்கள் ஒப்பிட்டனர். குஞ்சுகளுக்கு உகந்த வெப்பநிலையுள்ள நீர் பரந்திருந்த ஆண்டுகளின் பின் பிடி பெருகியது. அது சுருங்கியபோது பிடியும் குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுப் பருவத்திலேயே பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. ஆயினும் அது முழு விடையன்று. நல்ல நீர் காத்திருந்தாலும், முட்டையிடத் தாய்கள் போய்ச் சேராவிட்டால் பயனென்ன? மோசமான பருவம் ஒன்று முடிந்ததும் கப்பல் முதலாளிகள் 'கடல் செய்த வேலை' என்கின்றனர். அமைச்சர்களும் அதையே சொல்கின்றனர். கடல் நீதிமன்றத்துக்கு வந்து மறுப்புரைக்காது என்பதனால் இந்த விளக்கம் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

பிடிக்கும் முறையையும் சொல்லவேண்டும். கணவாய்க் கப்பல்கள் இரவிலே தொழில் செய்பவை. தளத்தின் இருபுறமும் நூற்றுக்கு மேற்பட்ட பெரும் விளக்குகளைத் தொங்கவிட்டு, கடலைப் பகலாக்குகின்றன. வெளிச்சத்தை நாடி எழும் கணவாய் கப்பலடியின் நிழலிலே கூடிநிற்கும். அங்கிருந்து, மேலும் கீழும் அசையும் மின்னும் தூண்டில்களை இரையென்று பாய்ந்து பற்றும். இயந்திர உருளைகள் தூண்டில் கயிறுகளை இடைவிடாது இறக்கி ஏற்றுகின்றன. 2013இல் நாசா வெளியிட்ட செய்மதிப் படமொன்றிலே, நகரம் எதுவுமில்லாத நடுக்கடலில் ஒரு மாநகரம் போல ஒளித்திட்டு காணப்பட்டது. அது கணவாய்க் கப்பல்களின் வெளிச்சம்.

இந்தக் கடலின் நடுவே கிடக்கும் தீவுக்கூட்டத்தைப் பிரித்தானியர் போக்லாந்து என்கின்றனர்; ஆர்ஜென்ரீனர் மல்வினாஸ் என்கின்றனர். ஒரே நிலத்துக்கு இரண்டு பெயர் இருப்பதன் பொருளை நமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1982இல் அதற்காக ஒரு போர் நடந்தது. போருக்குப் பின்னர் யப்பான், தாய்வான், தென்கொரியா, ஸ்பெயின், போலந்து எனப் பல நாட்டுக் கப்பல்கள் அங்கு பெருகின. கட்டுப்படுத்துவதற்கு இரு தரப்பும் ஏற்ற அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. 1986 மே மாதத்தில் ஆர்ஜென்ரீனக் கரையோரக் காவற்படை தாய்வான் கப்பலொன்றைச் சுட்டு மூழ்கடித்தது; உயிரிழப்பும் நேர்ந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் பிரித்தானியா தீவுகளைச் சூழ 150 கடல் மைல் ஆரமுடைய பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. 1987 பெப்ரவரியிலிருந்து அனுமதிப் பத்திரம் பெற்ற கப்பல்களே உள்ளே தொழில் செய்யலாம் என்றாயிற்று. ஆட்டு ரோமத்தை நம்பி வாழ்ந்த ஏறத்தாழ இரண்டாயிரம் மக்களின் அரசுக்கு வருமானம் பன்மடங்காகப் பெருகியது.

பத்திரத்துக்குப் பணம் வாங்கினால் எத்தனை கப்பல்களை விடலாம் என்று சொல்லியாக வேண்டும். கடலுக்கடியில் எத்தனை கணவாய் உண்டென்று எவ்வாறு அறிவது? ஆண்டுக்கணக்கில் தரவுகளைச் சேர்த்து நிதானமாக ஆராயும் வழக்கமான முறை இங்கு பயன்படாது. அறிக்கை அச்சேறும்போது, அறிக்கைக்குரிய உயிரெல்லாம் இறந்து போயிருக்கும். ஆகவே பிடித்துக்கொண்டிருக்கும்போதே எண்ணவேண்டும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜோன் பெடிங்டனும் அவரது குழுவினரும் இதற்கு எடுத்துக்கொண்ட கருவி, விந்தையாக, எலி பிடிப்பதிலிருந்து வந்தது. மேற்கு ஆபிரிக்காவின் சியராலியோன் நாட்டுத் தலைநகர் பிறீரவுனில் எத்தனை எலிகள் உள்ளன என்று கணிக்க லெஸ்லி, டேவிஸ் என்ற இருவர் ஒரு வழியை வகுத்து 1939இல் வெளியிட்டனர். 1947இல் டிலூரி என்பவர் அதனை மீன்பிடிக்குப் பொருத்தி விரித்துரைத்தார்.

வழி எளியது. ஒரு குளத்தில் எத்தனை மீன் என்று தெரியாது. ஒரே வலையால், ஒரே அளவு நேரம், மூன்று நாள் வீசுகிறோம். முதல்நாள் 200 மீன். இரண்டாம் நாள் 160. மூன்றாம் நாள் 128. முதல்நாள் 200ஐ எடுத்ததும் மறுநாட் பிடி 40 குறைந்தது. அடுத்து 160ஐ எடுத்ததும் 32 குறைந்தது. இரண்டிலும் எடுத்ததன் ஐந்திலொரு பங்கே குறைவாக வருகிறது. இப்படியே போனால் எத்தனை எடுத்து முடியும்போது பிடி பூச்சியமாகும்? கணக்குப் போட்டால் 1,000 என்று விடை வரும். குளத்தில் முதலில் இருந்தவை அத்தனை. கடலிலே குளம் என்பதற்குப் பதில் மேய்ச்சற் பரப்பு. வலை என்பதற்குப் பதில் ஒவ்வொரு கப்பலும் அன்றாடம் அறிவிக்கும் பிடி. புதிய கூட்டம் இடையிலே வந்து சேர்வதும், திமிங்கிலமும் பறவையும் தின்பதும் கணக்கைக் குழப்பும். அவற்றுக்கும் திருத்தம் செய்கின்றனர்.

இந்த எண்ணிக்கை கிடைத்த பின் விதியொன்று வகுக்கப்பட்டது. மீன்பிடியே நடவாதிருந்தால் பருவ முடிவில் எத்தனை கணவாய் எஞ்சியிருக்குமோ, அதில் 40 வீதமாவது தப்பிப் போகவேண்டும். அந்த எல்லை நெருங்கினால் பருவத்தை முன்கூட்டியே மூடிவிடுவது. கூட்டம் சிறிதாக இருக்கும் ஆண்டுகளில் 40 வீதம் என்பதே அற்பமாகிவிடும் என்று உணர்ந்து, பின்னர் இலெக்ஸுக்கு 40,000 தொன் என்ற அடிமட்டமும் ஆலோசிக்கப்பட்டது. உலகில் கணவாய்க்கென வகுக்கப்பட்ட ஒழுங்குகளுள் இது மிகவும் அறிவார்ந்த ஒன்று என்றே நாம் கருதுகிறோம். விதைநெல்லை அளந்து ஒதுக்கிவிட்டு மிகுதியை உண்ணும் உழவனின் ஒழுங்கு இது.

ஆனால் களஞ்சியம் ஒருவனுடையதாக இருந்தால்தான் அந்த ஒழுங்கு செல்லும். இலெக்ஸ் போக்லாந்து வலயத்துக்குள் தங்குவது சில மாதங்களே. வரும்போதும் போகும்போதும் அது ஆர்ஜென்ரீனாவின் 200 மைல் வலயத்தைக் கடக்கிறது. கண்ட மேடை 200 மைலுக்கு அப்பாலும் நீளும் இடத்தில், எந்நாட்டுக்கும் உரித்தற்ற திறந்த கடலிலும் புகுகிறது. அந்த இடத்தை மாலுமிகள் '201ஆம் மைல்' என்றே அழைக்கின்றனர். ஒரு வலயத்தார் தப்பவிட்ட 40 வீதம் மறு வலயத்தில் வலைக்குள் விழுமானால், தப்பவிட்டதன் பயன் என்ன?

இதனை இரு தரப்பாரும் அறியாமலில்லை. ஆட்சியுரிமைக் கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, 1990 நவம்பரில் பிரித்தானியாவும் ஆர்ஜென்ரீனாவும் தென் அத்திலாந்திக் கடற்றொழில் ஆணைக்குழு ஒன்றை அமைத்தன. போர் முடிந்து எட்டே ஆண்டுகள். இரு நாட்டு விஞ்ஞானிகளும் ஒரே மேசையில் அமர்ந்து பிடிக் கணக்குகளைப் பரிமாறினர். கூட்டாக ஆய்வுப் பயணங்கள் சென்றனர். பகைவர் ஒரு உயிரினத்தின் பொருட்டு உடன்பட்டமை அருமையான நிகழ்வு. அது பதினைந்து ஆண்டுகள் நீடித்து, 2005இல் முடங்கியது. 2016இல் இரு அரசுகளும் மீண்டும் கைகுலுக்கியபின் விஞ்ஞானத் தொடர்பு சிறிது புத்துயிர் பெற்றது. 2023 மார்ச்சில் அந்த உடன்பாட்டிலிருந்து ஆர்ஜென்ரீனா விலகியது. 2024 செப்ரெம்பரில் கடற்றொழில் தகவல்களைப் பகிர்வது குறித்து மறுபடியும் இணக்கம் தெரிவிக்கப்பட்டது. அரசுகளின் இந்த ஊடலும் கூடலும் நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு ஆண்டும் கணவாயின் ஒரு முழுத் தலைமுறை.

201ஆம் மைலில் ஊடலும் இல்லை, கூடலும் இல்லை. பருவகாலத்தில் நூற்றுக்கணக்கான கப்பல்கள், பெரும்பாலும் சீனா, தாய்வான், தென்கொரியா, ஸ்பெயின் நாடுகளுக்குரியவை, அங்கு திரள்கின்றன. சூரை மீனுக்கென ஆணைக்குழுக்கள் உள்ளன. அந்தாட்டிக் கடலுக்கென ஒன்று உண்டு. தென்மேற்கு அத்திலாந்திக்கின் திறந்த கடற் கணவாய்க்கு அத்தகைய பிராந்திய அமைப்பு இதுவரை ஏற்படவில்லை. அமைப்பதானால் தீவுகளின் சார்பில் யார் கையொப்பமிடுவது என்ற கேள்வி முதலில் எழும்; அங்கேயே எல்லாம் நின்றுவிடுகிறது. இருள் சூழ்ந்ததும் விளக்கணைத்து 200 மைல் எல்லைக்குள் நுழைவோரும் உளர். 2016 மார்ச்சில் அவ்வாறு நுழைந்ததாகக் கூறிச் சீனக் கப்பலொன்றை ஆர்ஜென்ரீனக் காவற்படை துரத்திச் சுட்டு மூழ்கடித்தது. கப்பலிலிருந்தோர் யாவரும் மீட்கப்பட்டனர்.

அக்கப்பல்களில் தூண்டில் உருளைகளின் அருகே நிற்பவர்கள் யாரென்பதையும் சொல்லாமல் விடலாகாது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சீனாவின் உள்நாட்டு மாகாணங்கள் ஆகிய இடங்களிலிருந்து முகவர்களிடம் கடன்பட்டு ஏறியவர்கள் பலர். பிடிபட்ட கணவாயை நடுக்கடலிலேயே குளிர்ச்சாதனக் கப்பலுக்கு மாற்றி விடுவதால், தொழில் செய்யும் கப்பல் மாதக்கணக்கில் கரை தொடாது. கடவுச்சீட்டுக் கப்பல் தலைவனிடம் இருக்கும். நோயுற்றால் வைத்தியரில்லை. உருகுவேயின் மொன்ரவிடியோ துறைமுகத்தில் இவ்வாறான கப்பல்களிலிருந்து இறந்தோரின் உடல்கள் இறக்கப்பட்ட செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. முகவருக்குக் கொடுத்த பணமும், பிறர் கையிலிருக்கும் கடவுச்சீட்டும் எத்தகையவை என்று நம்மில் பலர் அறிவர். கணவாயின் கணக்கே எழுதப்படாத கடலில் இவர்களின் கணக்கை யார் எழுதுவர்?

போக்லாந்து வலயத்துக்குள் மற்றொரு கணவாயும் உண்டு. பத்தகோனியக் கணவாய் எனப்படும் அது உருவிற் சிறியது. இலெக்ஸைப் போலத் தொலைதூரம் அலையாது. தீவுகளைச் சுற்றிய கடற்பாசிக் காட்டின் தண்டுகளிலே முட்டைக் கொத்துகளை ஒட்டிவிட்டு, வாழ்வின் பெரும்பகுதியைத் தீவுகளின் அயலிலேயே கழிக்கிறது. ஸ்பெயின் நாட்டு மேசைகளுக்குச் செல்வதில் பெரும்பங்கு இதுதான். அதற்கு ஆண்டில் இரண்டு பருவங்கள். ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் ஒரு கப்பல் முன்சென்று இழுவை வலையால் மாதிரி எடுத்து அளவிடும். பருவ முடிவில் 10,000 தொன்னாவது கடலில் எஞ்சவேண்டும் என்பது விதி. 2024இன் நடுப்பகுதியில் முன்சென்ற கப்பல் கண்ட அளவு அந்த விதிக்குப் போதாதிருந்தது. அவ்வாண்டின் இரண்டாம் பருவம் திறக்கப்படவேயில்லை. வருமானத்தின் பெரும்பங்கு அதிலிருந்து வருமென்று அறிந்திருந்தும், தீவுகளின் அரசு தன் கப்பல்களைக் கட்டிவைத்தது. அப்படி உத்தரவிடக்கூடிய ஒருவரும் 201ஆம் மைலில் இல்லை.